ஆருக்கு வித்தீங்க

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி தீவனக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்தது. மே மாதம் வரை பருத்திக்கொட்டை விலை, தவிட்டு லோடு வந்த தேதி, சந்தையில் எந்த மாடு எந்தப் பக்கம் போனது, இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இன்றிலிருந்து மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். காரணம், வீட்டில் பேச ஆள் இல்லை.

துளசிமணி இருக்கிறாள். ஆனால் நானும் என் சம்சாரமும் பேசி நாலு வருஷம் ஆகிறது. சண்டை கிடையாது. நான் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, வேறு சகவாசம் இல்லை. ஒரு மாட்டு விஷயம். அவள் பேச்சை நிறுத்தினாள், நானும் விட்டுவிட்டேன்.

இத்தனை நாள் குடும்பம் ஓடியது மகள் பிருந்தா வழியாகத்தான். "பிருந்தா, உங்கப்பனுக்குத் தோசை ஒண்ணு போதுமான்னு கேளு" என்பாள் துளசிமணி. நான் ஓரடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். "ரெண்டுன்னு சொல்லு கண்ணு" என்பேன். பிருந்தா செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டாம்" என்பாள். தோசை வரும். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அவளைக் கட்டிக் கொடுத்து ஓசூருக்கு அனுப்பிவிட்டோம். கார் கிளம்பும்போது துளசிமணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். மகள் போகிறாள் என்று ஊரே நினைத்தது. இனி தோசை எத்தனை என்று யார் கேட்பது என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 5, புதன்

சாம்பாரில் உப்பு இல்லை. ஓசூருக்குப் போன் போட்டேன்.

பிருந்தா எடுத்து, அவள் அம்மாவுக்குப் போட்டாள். சமையலறையில் போன் அடித்தது. "அப்பாவுக்கு உப்பு வேணுமாமா" என்று பிருந்தா சொல்வது எனக்கே கேட்டது. துளசிமணி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல ஏற்பாடு. தூரம் ஒரு பிரச்சினை இல்லை.

ஜூன் 6, வியாழன்

சந்தை. ஆறு உருப்படி பிடித்து நாலு தள்ளினேன்.

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று எழுதி வைக்கிறேன். மாட்டு வியாபாரத்தில் வாயைத் திறந்து விலை சொல்லமாட்டோம். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை பத்தாயிரம். விரலின் பாதியைத் தொட்டால் ஐயாயிரம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய பாடம், யார் முதலில் விரலைப் பிடிக்கிறானோ அவன் பாதி தோற்றவன். பொறுத்திருக்கிறவன்தான் வியாபாரி. கையில் ஒரு கயிறும் தோளில் ஒரு துண்டுமாக இந்தப் பொள்ளாச்சிச் சந்தைக்குள் வந்தவன் நான். இன்றைக்குக் கோட்டூர் ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் தீவனக் கடை. யார் தயவும் இல்லாமல் பொறுத்துப் பொறுத்து வந்ததுதான்.

கல்யாணமான புதிதில் துளசிமணிக்கு இந்த விரல் பாஷையைச் சொல்லிக் கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். துண்டுக்கு அடியில் நாங்கள் எதையோ பேரம் பேசிக்கொண்டிருப்போம். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

ஓசூரிலிருந்து சம்பந்தியம்மாளே போனில் வந்தார். "ஏனுங் சம்பந்தி, உங்கூட்டு ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாச்சா, உங்க சட்டையில எந்தப் பொத்தான் அந்துபோச்சு, எல்லாம் எனக்கு இப்ப அத்துபடிங்க. எங்கூட்ல ரசம் வெக்கறதுக்குத்தான் உங்க புள்ளைக்கு நேரமில்லீங்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

ஜூன் 19, புதன்

பீரோ சாவியைக் காணோம். பாங்குக்குப் போக வேண்டிய அவசரம். பிருந்தாவுக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலைக்கு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அதே நேரத்தில் அவள் அம்மாவும் இன்னொரு போனில் அடித்திருக்கிறாள்.

"அப்பா, சாவி ஆணியில இருக்குதாம். அந்த ஆணி உங்க தலைக்கு மேல இருக்குது. ஆணிக்குக் கீழ அம்மா உக்காந்திருக்குது. எனக்கும் உங்களுக்கும் நடுவுல முந்நூறு கிலோமீட்டர் இருக்குது. அந்தக் கம்பெனிப் பொம்பள என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. 'உங்களுக்கு வேற வேலை இருக்குது போல'ன்னு சொல்லி வெச்சுட்டா."

நிமிர்ந்து பார்த்தேன். சாவி ஆணியில்தான் இருந்தது. கீழே துளசிமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இனி நான் நடுவுல இல்லீங்ப்பா. ரெண்டு பேரும் பேசுனாப் பேசுங்க, இல்லாட்டி ஊமையாவே இருங்க."

வேலை போய்விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

ஜூன் 21, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டோம். துளசிமணி மிக்ஸியிடம் பேசுகிறாள். "சிலிண்டர் முடியப் போகுது. சொல்றவங்க சொல்லி வெச்சா நல்லது" என்று மிக்ஸியைப் பார்த்துச் சொன்னாள். நான் மின்விசிறியைப் பார்த்து, "நாளைக்கு வந்துரும்" என்றேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் நல்ல குடித்தனம்.

ஜூன் 27, வியாழன்

சந்தையில் ஒரு செவலைக் கிடேரி. தலையீத்து, நிறைசினை. நெற்றியில் காசளவு வெள்ளை. என் கால் தானாக நின்றுவிட்டது. துளசிமணியின் மாட்டுக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன். என் மாமனார் கல்யாணத்துக்குச் சீராக ஒரு செவலைப் பசு கொடுத்தார். அதன் மகள், பேத்தி என்று எங்கள் கட்டுத்தரை காலியாக இருந்ததில்லை. கடைக்கு முன்பணம் கட்டியதுகூட அந்தப் பால் விற்ற காசுதான். கறந்தது, ஊற்றியது எல்லாம் துளசிமணி. நாலு வருஷத்துக்கு முன் கடைசி மாடு பால் வற்றிப்போய் நின்றது. சினையும் பிடிக்கவில்லை. அது கன்றாக இருக்கும்போதே தாய் செத்துப்போனதால் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள், அதனால் தினமும் தீவனம் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் உடுமலையில் ஒரு சாவுக்குப் போயிருந்த நாளில் சந்தைக்கு ஓட்டிவிட்டேன். வந்தாள், கட்டுத்தரையைப் பார்த்தாள், "ஆருக்கு வித்தீங்க?" என்று கேட்டாள். வயதான, வற்றிய மாட்டை யார் வாங்குவார்கள் என்பது சந்தைப் பக்கம் போகாதவனுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்ததை எதற்குக் கேட்பது? நான் பதில் சொல்லவில்லை. அதோடு அவளும் நிறுத்திவிட்டாள்.

செவலையை வாங்கிவிட்டேன். விலை கொஞ்சம் அதிகம்தான். கடைக்குப் பின்னால் கட்டச் சொன்னேன். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டுத்தரையில் கட்டிவிட்டால் போதும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. நல்ல நாள் பார்த்துச் செய்யலாம்.

ஜூலை 2, செவ்வாய்

கடையில் இருக்கும் ராஜாமணி இருபது வருஷப் பழக்கம். மூட்டை இறக்குவதிலிருந்து வசூல் வரை அவன்தான். "ஏனுங்ணா, இந்த மாட்டை ஊட்டுக்கு எப்ப ஓட்டறதுங்?" என்றான்.

"எந்த ஊட்டுக்கு?"

"நம்மூட்டுக்குத்தானுங். அம்மாவோட மாடாட்டமே இருக்குதுங்களே."

"உன்ற வேலையப் பாரு" என்றேன். இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடித்தானோ. காலையில் அரிசி மூட்டை கொண்டுபோய் வீட்டில் இறக்கியவனும் அவன்தான்.

ஜூலை 5, வெள்ளி

துளசிமணி கட்டுத்தரையைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். நாலு வருஷமாக விறகும் உடைந்த சைக்கிளும் கிடந்த இடம். எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டுவிட்டாள். எதற்கு என்று புரியவில்லை. யாருக்காவது வண்டி நிறுத்த வாடகைக்கு விடப் போகிறாளோ. நல்ல யோசனைதான். இடம் சும்மாதானே கிடக்கிறது.

ஜூலை 8, திங்கள்

பரணிலிருந்து பித்தளைப் பால்குண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மத்தும் இறங்கியிருக்கிறது. கடைப் பாக்கெட் பால் வாங்கும் வீட்டில் மத்து எதற்கு.

நல்ல பித்தளை. இந்தக் கனத்தில் இப்போது கிடைக்காது.

ஜூலை 11, வியாழன்

சந்தை. மழை. வியாபாரம் இல்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துவர வேண்டுமே, நானே ஓசூர் போய்ப் பிருந்தாவைக் கூட்டிவந்தேன். மாப்பிள்ளை பஸ் ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்து, "மாமா, ஒரு மாசம் அவளைப் பொண்ணா வெச்சிருங்க. போன் ஆபீசா வெச்சிராதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் துளசிமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "பிருந்தா" என்றோம்.

பிருந்தா இலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் காது கேக்காது" என்றாள்.

ஜூலை 20, சனி

துளசிமணி கோயிலுக்குப் போன நேரத்தில் பிருந்தா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏம்ப்பா நீங்க அம்மாகிட்டப் பேசறதில்ல?"

"அவதான கண்ணு நிறுத்துனா."

"அம்மா நிறுத்தலீங்ப்பா. அம்மா ஒண்ணு கேட்டுச்சு. நீங்க பதில் சொல்லல. பதில் வரட்டும்னு அது இன்னும் உக்காந்திருக்குது."

"நாலு வருசமாவா?"

"நீங்க?"

அவள் முறை என்று நான் இருந்திருக்கிறேன், என் முறை என்று அவள் இருந்திருக்கிறாள். சந்தையில் இப்படி ஒரு பேரம் நடந்தால் பார்க்கிறவன் சிரிப்பான்.

"சொல்லிப்போடுங்ப்பா. ஒரு வார்த்தை. அது திட்டாது, அழுகும், அவ்வளவுதான். ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன்னுச்சு. இல்லாட்டி உடுமலைல மாமாவோட தோட்டத்து ஊடு சும்மா கெடக்குதுல்ல, அங்க போயிர்றேன்னுச்சு."

"உங்கம்மாவா? போகமாட்டா" என்றேன்.

"வேடிக்கைக்குச் சொல்றன்னு நெனைக்காதீங்க. நாள் சொல்லீருச்சு."

ஜூலை 23, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். இப்போது போய்ப் பதில் சொன்னால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் சொல்லாதவன், அவள் போகிறேன் என்றதும் சொல்கிறான். இது கை நடுங்கி விற்கிற வியாபாரம். விலை நிற்காது. அதற்குப் பதில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டால் கேள்வியும் தீர்ந்தது, பதிலும் தீர்ந்தது. ஆனால் ஆடியில் புதுமாடு கட்டக் கூடாது. ஆவணி முதல் தேதி நல்ல நாள். அன்றைக்குக் காலையிலேயே ஓட்டிவிடலாம். ஆடி முடியும் வரை பார்க்கிறேன் என்றாள், ஆடி முடிந்த மறுநாள் மாடு. கணக்குச் சரியாக இருக்கிறது.

பிருந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவிடம் போய்விடும். சரக்கை முன்கூட்டிக் காட்டினால் என்ன மரியாதை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

செவலை ஈன்றுவிட்டது. கிடேரிக் கன்று, தாயைப் போலவே நெற்றியில் வெள்ளை. பெண் கன்றோடு தலையீத்து மாடு என்றால் சந்தையில் விலை எங்கேயோ போகும். ராஜாமணி நஞ்சுக்கொடி எடுத்து, கன்றுக்குக் குளம்பு கிள்ளி, எல்லாம் தானே செய்தான். ஒரு தூக்குப்போசி நிறையச் சீம்பால்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தூக்குப்போசியைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தேன். எங்கிருந்து என்று சொல்லவில்லை. துளசிமணி மூடியைத் திறந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில் வைத்தாள். எனக்கு ஒரு கிண்ணம் வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு வழக்கம்போல் உள்ளே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். கட்டுத்தரையைப் பார்த்தபடி அவளும் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். பிருந்தா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். இப்போது சொல்லுங்கள் என்று அர்த்தம்.

வாய் வரை வந்தது. ஆவணிக்கு இன்னும் ரெண்டு வாரம்தானே என்று விட்டுவிட்டேன். சீம்பால் அருமையாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ராஜாமணி கல்லாப் பக்கம் வந்து நின்றான். நின்ற விதமே சரியில்லை. துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, உடுமலைப் பக்கம் ஒருத்தருக்கு மாடு வேணுமாமுங். நம்ம செவலையைப் பத்திக் கேட்டாங். அது விக்கறதுக்கு வெச்சிருக்கறதுங்களா, ஊட்டுக்குங்களான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்."

"சந்தைக்காரன் கட்டியிருக்கற மாட்டுல விக்காததுன்னு ஒண்ணு இருக்குதாடா" என்றேன். கடையில் ரெண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், சிரித்தார்கள்.

"அப்படியே சொல்லிரட்டுங்களா?"

"சொல்லு. ஆள் வரட்டும். வெல என்ன சொல்றான்னு பாக்கலாம்."

விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் விற்பதற்கில்லை என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கம் கிடையாது. விலை தெரிந்துகொள்வதில் நஷ்டம் என்ன? நாளை துளசிமணி கட்டுத்தரையில் நிற்கிற மாட்டின் மதிப்பு நமக்கும் தெரிந்திருக்கட்டுமே.

ராஜாமணி முறுக்கின துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு போனான்.

ஆகஸ்ட் 10, சனி

பித்தளைக் குண்டா மேடையில் இல்லை. மறுபடி பரணில் ஏற்றிவிட்டாள் போலிருக்கிறது. மத்தும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

புது லோடு கலப்புத் தீவனம் வந்தது. நாலு மூட்டையில் எடை குறைவு. எடுத்த எடுப்பில் கண்டுபிடித்து டிரைவரை நிறுத்திவிட்டேன். என் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது.

வீட்டில் கொடியில் துணி குறைவாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

கட்டுத்தரை ஆணியில் பழைய மாட்டின் கயிறு தொங்கும். மாட்டை விற்கும்போது கயிற்றைக் கொடுக்கமாட்டோம். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும், நம் கயிறு நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். அது நம் கட்டுத்தரை லட்சுமி. நாலு வருஷமாக அந்த ஆணியில்தான் கிடந்தது. இன்று இல்லை. சுண்ணாம்பு அடித்தபோது கழற்றியிருப்பாள்.

பிருந்தா மூன்று நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாப்பிள்ளை வந்து பிருந்தாவைக் கூட்டிப்போனார். கிளம்பும்போது, "நான் சொல்றதையெல்லாம் சொல்லீட்டேன்ப்பா" என்றாள். நான், "நாளைக்கு ஒரு விசயம் இருக்குது கண்ணு, அப்புறம் நீயே போன் பண்ணுவ" என்றேன். அவள் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று.

காலையில் எழுந்தபோது வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. காப்பி பிளாஸ்கில் இருந்தது. இட்லி மூடி வைத்திருந்தது. துளசிமணி இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள், அதுவும் நல்லதுதான், வரும்போது மாடு நிற்கட்டும் என்று கடைக்குப் போய்ச் செவலையையும் கன்றையும் ராஜாமணியை விட்டு அவிழ்க்கச் சொன்னேன்.

அவன் அவிழ்க்கவில்லை. "அம்மா காலைல மொத பஸ்லயே போயிட்டாங்ளேங்ணா" என்றான்.

"எங்க?"

"உடுமலைக்குத்தானுங். நாந்தான் பொட்டியத் தூக்கி வெச்சேன்."

செவலை தவிடு தின்றுகொண்டிருந்தது. கன்று என் வேட்டியை நக்கியது. அதைத் தள்ளிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தேன். சனிக்கிழமை வியாபாரம் நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வருவாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வரவில்லை. செவலைக்குக் கறவை பார்க்க ஆள் இல்லை, ராஜாமணி ரெண்டு வேளையும் கறந்து தூக்குப்போசியைக் கொண்டுவந்து தருகிறான். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு பால் எதற்கு, கெட்டுப்போகிறது. அந்த உடுமலை ஆள் வியாழக்கிழமை சந்தைக்கு வருகிறாராம். தள்ளிவிடுவதுதான் புத்தி. வெறும் கட்டுத்தரைக்கு மாடு வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அவள் திரும்பி வந்தால் வேறு மாடு பார்த்துக்கொள்ளலாம், சந்தையில் மாட்டுக்கா பஞ்சம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

செவலையைக் கழுவி, கொம்பில் எண்ணெய் தடவி, கன்றோடு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். நிறுத்தின நேரத்திலிருந்து கூட்டம். பார்க்கிறவன் எல்லாம் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். உடுமலை ஆளுக்காகக் காத்திருந்தேன்.

வந்தது என் மச்சான் சென்னியப்பன். துளசிமணியின் அண்ணன்.

"வாங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. மாடு பாக்கத்தான் வந்தோம்."

"உங்களுக்கா?"

"தோட்டத்துக்கு."

வந்தோம் என்றாரே, கூட யார் என்று நான் கேட்கவில்லை. வியாபாரம் என்று வந்துவிட்டால் உறவு பார்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். சென்னியப்பன் ஒதுங்கி நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவள் முன்னால் வந்து துண்டுக்கு அடியில் கையை விட்டாள்.

சந்தையில் பொம்பளை கை நுழைத்து நான் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. ஆள்காட்டி விரலின் அடியில் சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு, உள்ளங்கையில் கறவைக் காய்ப்பு. நாலு வருஷமாகத் தொடாத கை. கொஞ்சம் மெலிந்திருந்தது.

அவள் விரலைப் பிடிக்கவில்லை. பொறுத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"என்னங்ணா, உள்ள கோலம் போடறீங்களா" என்று எவனோ பின்னாலிருந்து கேட்டான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

நான்தான் முதலில் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை நான் முதலில் பிடித்தேன். வாங்கின விலையைத்தான் பிடிக்க நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் முப்பது வருஷமாக இதே வேலை செய்த கை. கன்றுக்கு என்று ரெண்டு விரல் தானாகச் சேர்ந்துகொண்டது.

அவள் அந்த ரெண்டு விரலையும் மெதுவாக மடக்கிவிட்டாள். பிறகு மிச்சத்தைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். முடிந்தது என்று அர்த்தம்.

துண்டை எடுத்தேன். சென்னியப்பன் பணத்தை ராஜாமணியிடம் கொடுத்தார். ராஜாமணி என்னைப் பார்க்காமல் எண்ணினான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்டா, உனக்கு முன்னயே தெரியுமா?"

"அம்மாதானுங்ணா கேக்கச் சொன்னாங். மாடு வாங்குன அன்னிக்கே அம்மாவுக்குத் தெரியுமுங். கட்டுத்தரையக் கூட்டி, சுண்ணாம்படிச்சு, குண்டாவத் தேச்சுக் காத்துக்கிட்டிருந்தாங். விக்கறதுக்கா ஊட்டுக்கான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வரச் சொன்னாங். நீங்க சொன்னத நான் அப்படியேதானுங்ணா போயிச் சொன்னேன்."

துளசிமணி அதற்குள் மாட்டின் பக்கம் போயிருந்தாள். கையில் கயிறு வைத்திருந்தாள். வாங்குகிறவர்கள் புதுக் கயிறுதான் கொண்டுவருவார்கள். அவள் கையில் இருந்தது எங்கள் கட்டுத்தரை ஆணியில் கிடந்த பழைய மாட்டின் கயிறு. அதைச் செவலையின் கழுத்தில் போட்டு முடிச்சிட்டாள். செவலை அவள் தோளை மோந்து பார்த்துவிட்டு நின்றது. என் கயிற்றை அவிழ்த்தாள்.

இதற்குமேல் பொறுத்து என்ன ஆகப் போகிறது. கிட்டே போனேன்.

"கேரளா லாரிக்கு" என்றேன். மின்விசிறியைப் பார்க்காமல், அவளைப் பார்த்துச் சொன்னேன். "பழைய மாட்ட. கேரளா அடிமாட்டு லாரிக்குத்தான் வித்தேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

"தெரியுமுங்" என்றாள். "இந்தாங்க, உங்க கயித்த எடுத்துக்குங்க."

கன்று முன்னால் ஓட, மாடு பின்னால் போக, அவள் அதன் முதுகில் ஒரு கையை வைத்தபடி நடந்து போனாள். சென்னியப்பன் என்னிடம் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார். நல்ல மாடு, நல்ல விலைக்குத்தான் கொடுத்தேன். நஷ்டம் என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தவிட்டு லோடு வரவில்லை.

சாம்பாரில் உப்பு இல்லை. நான் வைத்ததுதான். ஓசூருக்குப் போன் போடவில்லை.